பென்டாக்ஸ் கே1000: எந்த லென்ஸ், எந்த ஃபிளாஷ்?

பென்டாக்ஸ் கே1000 ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. 1997 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் தயாரிக்கப்பட்டு, முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவில் புகைப்படம் கற்றுத்தரும் பள்ளிகள் பல, மாணவர்கள் வாங்க வேண்டிய கேமரா என்று இதையே சொல்லி வந்தன. காரணம் எளிது: இதில் தானியங்கி வசதி எதுவும் கிடையாது. ஃபோகஸ், அபெர்ச்சர், ஷட்டர் வேகம் மூன்றையும் படம் எடுப்பவரே வைத்தாக வேண்டும். உள்ளே இருக்கும் ஒரே ஒரு பொத்தான் பேட்டரி, வெளிச்ச மீட்டரின் முள்ளை அசைப்பதற்கு மட்டும். அது தீர்ந்துபோனாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் ஓடும்.

இப்படிப்பட்ட கேமராவில் படத்தின் தரத்துக்கு உடல் கொடுப்பது மிகக் குறைவு. வெளிச்சம் புகாமல் ஃபிலிமைத் தட்டையாக வைத்திருப்பதும், சொன்ன நேரத்துக்குத் திறந்து மூடுவதும்தான் அதன் வேலை. மீதி எல்லாம் லென்ஸும் ஃபிலிமும் வெளிச்சமும். அதனால் கே1000-க்கு லென்ஸும் ஃபிளாஷும் தேர்ந்தெடுக்கும்போது, இந்த உடலால் என்ன முடியாது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி. முடியாதவை நான்கு இருக்கின்றன. ஃபிளாஷோடு எடுக்கும்போது ஷட்டர் 1/60-க்கு மேல் போகக் கூடாது. சாதாரண ரகத்தின் வியூஃபைண்டரில் நடுவே ஃபோகஸுக்கு உதவ மைக்ரோபிரிசம் வட்டம் மட்டுமே உண்டு. பிம்பம் இரண்டாகப் பிளந்து ஒன்றுசேரும் வசதி எஸ்இ என்ற ரகத்தில்தான் வந்தது. படம் எடுக்குமுன் அபெர்ச்சரை மூடிப் பார்த்து ஃபோகஸ் எதுவரை நிற்கிறது என்று சோதிக்க வழியில்லை. மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லை; லென்ஸின் மூடியைப் போட்டு வைப்பதுதான் பேட்டரியைக் காக்கும் வழி.

முதலில் மவுண்ட். கே மவுண்ட் 1975-இல் கே2, கேஎக்ஸ், கேஎம் ஆகிய மூன்று கேமராக்களோடு வந்தது. இன்றுவரை பென்டாக்ஸின் எஸ்எல்ஆர் கேமராக்கள் அதே மவுண்ட்டின் வளர்ந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. நிக்கான் லென்ஸோ கேனான் எஃப்டி லென்ஸோ இதில் பொருந்தாது. ஆனால் ரிக்கோ, சினான், கோசினா போன்ற நிறுவனங்கள் கே மவுண்ட்டிலேயே கேமராவும் லென்ஸும் செய்தன; விவிடார், டோகினா, டாம்ரான், சிக்மா ஆகியவையும் இதற்கு லென்ஸ் கொடுத்தன. ஆகவே பழைய பொருள் சந்தையில் கே1000 வைத்திருப்பவருக்குப் பஞ்சமில்லை.

பென்டாக்ஸின் சொந்த லென்ஸ்களில் பெயர்களைக் கொஞ்சம் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் எஸ்எம்சி பென்டாக்ஸ் என்று எழுதியிருப்பவை 1975-இல் வந்த முதல் வரிசை. பெரும்பாலும் 52 மி.மீ. ஃபில்டர் அளவு, உலோக உடல், சற்றே பெரியவை. அடுத்து வந்த எம் வரிசை சிறியது, எடை குறைந்தது. பெரும்பாலும் 49 மி.மீ. ஃபில்டர். சந்தையில் அதிகம் கிடைப்பதும் மலிவாகக் கிடைப்பதும் இந்த எம் வரிசைதான். 1983-இல் வந்த ஏ வரிசையில் அபெர்ச்சர் வளையத்தின் ஓரத்தில் ‘ஏ’ என்ற நிலை இருக்கும். அது புதிய கேமராக்களுக்கானது. கே1000-இல் வளையத்தை அந்த நிலையில் விட்டுவிட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும், அபெர்ச்சரும் கடைசி வரை மூடிக்கொள்ளும். வளையத்தைக் கையால் எண்களுக்குள் கொண்டுவந்துவிட்டால் ஏ வரிசையும் அருமையாக வேலை செய்யும். அதற்குப் பின் வந்த எஃப், எஃப்ஏ ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களிலும் அபெர்ச்சர் வளையம் இருப்பதால் அவற்றையும் மாட்டலாம். ஆனால் அவற்றின் ஃபோகஸ் வளையம் மெலிந்தது, கையால் திருப்புவதற்கென்று செய்யப்பட்டதல்ல. எஃப்ஏ ஜே வரிசையையும், வளையம் இல்லாத டிஏ வரிசை லென்ஸ்களையும் வாங்கவே கூடாது. வளையம் இல்லாவிட்டால் கே1000-இல் அபெர்ச்சரை மாற்ற வழியே இல்லை.

பழைய எம்42 திருகு மவுண்ட் டாகுமார் லென்ஸ்களையும் ஓர் அடாப்டரால் இதில் மாட்டலாம். இரு மவுண்ட்டுகளுக்கும் ஃபிலிமிலிருந்து லென்ஸின் அடிவரை உள்ள தூரம் ஒன்றே: 45.46 மி.மீ. பென்டாக்ஸ் வேண்டுமென்றே அப்படி வைத்தது, திருகு மவுண்ட் கொண்ட தன் பழைய ஸ்பாட்மேட்டிக் கேமராவை வைத்திருந்தவர்களைக் கைவிடக் கூடாது என்பதற்காக. அடாப்டர் வாங்கும்போது மவுண்ட்டுக்குள்ளேயே முழுதாக அமர்ந்துவிடும் வகையா என்று பார்க்க வேண்டும். வெளியே விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு அடாப்டர், லென்ஸை அந்த அளவுக்கு முன்னே தள்ளிவிடும். பிறகு தூரத்து மலையும் கோபுரமும் ஃபோகஸுக்கு வரவே வராது. எம்42 லென்ஸில் இன்னொரு சங்கடம், மீட்டர் பார்க்க அபெர்ச்சரைக் கையால் மூட வேண்டும்; அப்போது வியூஃபைண்டரும் இருண்டுவிடும். பொறுமை உள்ளவருக்கு அது பெரிய தடையல்ல. முதல் லென்ஸாக மட்டும் வேண்டாம்.

எஸ்எம்சி என்பது 1971-இல் பென்டாக்ஸ் கொண்டுவந்த பல அடுக்குப் பூச்சு. கண்ணாடிக்குள் வெளிச்சம் எதிரொளித்து அலைவதை அது வெகுவாகக் குறைக்கிறது. எதிர்வெயிலில் எடுக்கும்போது நிறம் வெளிறாமல் நிற்பது இதனால்தான். டாகுமார் பயோனெட் என்ற பெயரில் பென்டாக்ஸ் பிற்காலத்தில் விற்ற மலிவு லென்ஸ்களில் இந்தப் பூச்சு கிடையாது. பெயரில் டாகுமார் இருக்கிறதே என்று ஏமாந்து அதிக விலை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லென்ஸின் முன்வளையத்தில் எஸ்எம்சி என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

முதல் லென்ஸ் 50 மி.மீ. என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கே1000 பெரும்பாலும் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸோடுதான் விற்கப்பட்டது. ஆரம்பத்தில் 55 மி.மீ. எஃப்/2-ம் வந்தது. எம் வரிசையில் வழக்கமான 50 மி.மீ. மூன்று உண்டு: எஃப்/2, எஃப்/1.7, எஃப்/1.4. எடை முறையே சுமார் 170, 185, 240 கிராம். எஃப்/2-ஐ மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது பழைய பழக்கம். எஃப்/4-க்கு மேல் மூடிவிட்டால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணப் பிரிண்ட்டில் கண்டுபிடிப்பது கடினம். எஃப்/1.7 அரை ஸ்டாப் அளவுக்குத்தான் கூடுதல் வெளிச்சம் தருகிறது, ஆனால் முழுதாகத் திறந்த நிலையிலும் நல்ல கூர்மை. விலை வித்தியாசம் சிறிதென்றால் அதையே எடுக்கலாம்.

எஃப்/1.4 பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அது எஃப்/2-ஐவிட ஒரு முழு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக வாங்கும். வீட்டுக்குள் இரவு விளக்கில், ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில், எஃப்/2-க்கு 1/60 அல்லது 1/30 கிடைப்பதே பெரும்பாடு. அங்கே ஒரு ஸ்டாப் என்பது கை நடுக்கத்துக்கும் தெளிவுக்கும் நடுவே உள்ள கோடு. ஆனால் பகல் வெயிலில் அதே எஃப்/1.4 பயன்படவே படாது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் உச்சி வெயிலுக்கு 1/125-இல் எஃப்/16 சரியான கணக்கு. கே1000-இன் அதிக வேகமான 1/1000-க்கு ஏற்றினாலும் எஃப்/5.6-க்குத்தான் வர முடியும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் என்றால் எஃப்/11. பின்புலத்தைக் கரைத்து முகத்தை மட்டும் காட்ட வேண்டும் என்ற ஆசையில் விலை கொடுத்து எஃப்/1.4 வாங்கியவர், வெயிலில் எஃப்/11-இல் எடுத்துக்கொண்டிருப்பார். மூன்று ஸ்டாப் குறைக்கும் ஓர் என்டி ஃபில்டர், அந்த லென்ஸைவிட மிக மலிவானது. அதைப் போட்டால் ஐஎஸ்ஓ 100-இல் வெயிலிலேயே எஃப்/2 கிடைக்கும். எஃப்/1.4 நிழலுக்கும் அந்திக்கும் இரவுக்கும் உரிய லென்ஸ். அந்த நேரங்களில் அதிகம் எடுப்பவர்தான் அதற்குச் செலவழிக்கலாம்.

திறந்த அபெர்ச்சரில் இன்னொரு கணக்கும் உண்டு. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாக நிற்பது முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 20 செ.மீ.தான். எஃப்/8-இல் அது சுமார் 80 செ.மீ. ஆகும். மைக்ரோபிரிசத்தை மட்டும் நம்பி அந்த 20 செ.மீ.க்குள் கண்ணைப் பிடிப்பது பழகினால்தான் வரும். எஃப்/1.4-இல் அது இன்னும் சுருங்கும்.

இரண்டாவது லென்ஸ் அகலமா நீளமா என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். தெருவும் கட்டடமும் கூட்டமும் எடுப்பவருக்கு அகலம். முகம் எடுப்பவருக்கு நீளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிதான், ஆனால் தூரக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரைத் தலைமுதல் கால்வரை படத்துக்குள் கொண்டுவர 28 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் போதும். 50 மி.மீ.க்கு இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். 135 மி.மீ.க்கு ஏழு மீட்டருக்கு மேல். சாதாரண வீட்டின் அறைக்குள் 135 மி.மீ. லென்ஸோடு நிற்பவர் சுவரில் முதுகு இடித்துக்கொண்டும் அரை உருவம்தான் எடுக்க முடியும்.

அகலக் கோண லென்ஸ்களில் எம் வரிசையின் 28 மி.மீ. எஃப்/2.8 எளிதாகக் கிடைக்கும். முதல் வரிசையின் 28 மி.மீ. எஃப்/3.5-க்கும் கூர்மையில் நல்ல பெயர் உண்டு. இந்த லென்ஸின் பெரிய வரம் ஃபோகஸ் ஆழம். 28 மி.மீ.யில் எஃப்/8 வைத்து மூன்றே கால் மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் கூர்மையாக விழும். எஃப்/11-இல் இரண்டரை மீட்டருக்கு வைத்தால் தொடக்கம் ஒன்றேகால் மீட்டருக்கு வரும். கே1000-இல் ஃபோகஸ் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் நெம்புகோல் இல்லை என்ற குறையை, லென்ஸின் உடலில் பொறித்திருக்கும் ஆழக் கோடுகள் ஈடுகட்டுகின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்து முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டால், தெருவில் கேமராவைத் தூக்கி அழுத்துவது மட்டும்தான் வேலை. ஆட்டோஃபோகஸ் கேமராவைவிட இது வேகமானது. வியூஃபைண்டரில் 28 மி.மீ. லென்ஸைக் கண்ணால் ஃபோகஸ் செய்வது உண்மையில் கடினம். எல்லாமே ஏறக்குறைய தெளிவாகத் தெரியும். ஆகவே அளவுகோலை நம்பப் பழகுவதே நல்லது. 35 மி.மீ. எஃப்/2.8 இன்னும் மிதமானது, முகங்களை ஓரத்தில் இழுத்து நீட்டுவதும் குறைவு. ஆனால் 50 மி.மீ. ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு 28-தான் உண்மையான மாற்றமாகத் தெரியும்.

முகத்துக்கு நீள லென்ஸ் ஏன் என்பதற்கும் விடை தூரத்தில்தான் இருக்கிறது. தலையும் தோளும் அடங்கும் படத்துக்கு 50 மி.மீ. லென்ஸோடு ஏறக்குறைய 90 செ.மீ. நெருக்கத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் மூக்கு காதைவிடக் கேமராவுக்குக் கணிசமாக அருகில் இருக்கிறது. அதனால் மூக்கு பெருத்தும் காது பின்வாங்கியும் தெரியும். 100 மி.மீ. என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி நிற்கலாம், 135 என்றால் சுமார் இரண்டரை மீட்டர். முகத்தின் அமைப்பு இயல்பாக வருவது தள்ளி நிற்பதால். தள்ளி நின்றும் முகம் சட்டத்தை நிரப்புவதற்குத்தான் நீள லென்ஸ்.

எம் வரிசை 135 மி.மீ. எஃப்/3.5 எடை 270 கிராம்தான். இழுத்து நீட்டும் வெயில்தடுப்பு உடலிலேயே உண்டு. எழுபதுகளில் இரண்டாவது லென்ஸ் என்றாலே 135 என்ற வழக்கம் இருந்ததால் இவை ஏராளமாக விற்றன. இன்று விலை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். குறைந்தது ஒன்றரை மீட்டர் தூரம் வேண்டும் என்பது இதன் எல்லை. 100 மி.மீ. எஃப்/2.8 ஒரு மீட்டர்வரை நெருங்கும், வியூஃபைண்டரும் வெளிச்சமாக இருக்கும். முகம் எடுப்பதுதான் முதல் விருப்பம் என்றால் விலை சற்றுக் கூடினாலும் இதுவே நல்ல தேர்வு. 85 மி.மீ. எஃப்/2 அழகான லென்ஸ், ஆனால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். நீள லென்ஸில் கை நடுக்கம் பெருகும். 135-க்கு 1/125-ஐவிடக் குறைந்த வேகத்தில் கையில் பிடித்து எடுக்கத் துணிய வேண்டாம், முடிந்தால் 1/250.

ஜூம் லென்ஸ்கள் இந்தக் கேமராவுக்கு இரண்டாம் பட்சம். அவற்றின் அபெர்ச்சர் சிறியது, எஃப்/4.5-ஐ நெருங்கும்போதே வியூஃபைண்டர் மங்கும், எஃப்/5.6-இல் நடுவிலுள்ள மைக்ரோபிரிசம் கறுத்துவிடும். ஃபோகஸ் செய்ய ஒரே துணை அதுதான் என்ற கேமராவில் அதை இழப்பது பெரிய நஷ்டம். பென்டாக்ஸின் 80–200 மி.மீ. எஃப்/4.5 நன்றாகச் செய்யப்பட்டது. விவிடார் சீரிஸ் 1 வரிசையின் 70–210 மி.மீ. எஃப்/3.5 வெளிச்சத்தில் மேலானது, ஆனால் கழுத்தை இழுக்கும் கனம். பறவையோ மேடை நிகழ்ச்சியோ எடுக்காதவருக்கு இரண்டும் தேவையில்லை. பூவும் பூச்சியும் எடுக்க விரும்புபவர் முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கி 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் போட்டுப் பார்க்கலாம். அதில் ஆர்வம் நிலைத்தால் 100 மி.மீ. எஃப்/4 மேக்ரோ.

இவை எல்லாம் நாற்பது, ஐம்பது வயதான பொருட்கள். ஆகவே எந்த மாடல் என்பதைவிட எந்த நிலையில் என்பது முக்கியம். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுதும் திறந்து, பின்னாலிருந்து ஒரு சிறு டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போலக் கிளைத்த நூல்கள் தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அலமாரிக்குள் பல ஆண்டு கிடந்த லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தைக் கெடுக்காது. பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் போகாது. கண்ணாடி முழுவதும் பால் போன்ற மங்கல் இருந்தால் எதிர்வெயிலில் படம் வெளிறும். அடுத்து அபெர்ச்சர் தகடுகள்: பின்புறத்திலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி விட்டால் தகடுகள் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் படிந்து மெதுவாக நகர்ந்தால், கேமராவின் ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அவை மூடி முடிக்காது. படம் முழுவதும் அதிக வெளிச்சமாக வரும். முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல், உள்ளே சில தூசிகள், இவற்றுக்காக நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பழைய 50 மி.மீ. எஃப்/1.4 டாகுமார் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் அது காலப்போக்கில் மஞ்சளாகும்; சில வாரம் வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மஞ்சள் பெரிதும் தணியும்.

வாங்கிய பிறகு ஈரம் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைப்பது கட்டாயம். தோல் உறைக்குள் பூட்டி வைப்பதைவிட அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது நல்லது.

இனி ஃபிளாஷ். ஃபிலிமின் ஐஎஸ்ஓவை ஒரு ரோல் முடியும்வரை மாற்ற முடியாது. ஐஎஸ்ஓ 100 ரோல் பாதியில் இருக்கும்போது விருந்தினர் வந்தால், எவ்வளவு வெளிச்சமான லென்ஸ் இருந்தாலும் இரவில் உதவாது. கே1000 வைத்திருப்பவருக்கு ஃபிளாஷ் அலங்காரப் பொருள் அல்ல, தேவை.

1/60 என்ற எல்லை ஏன் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கேமராவின் ஷட்டர் இரண்டு துணித் திரைகள். ஃபிலிமின் நீளவாக்கில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். 1/60 வரை, முதல் திரை முழுதாக விலகிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும். நடுவே ஃபிலிம் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஃபிளாஷ் வெடிப்பது அந்தக் கணத்தில், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள். 1/125-இல் முதல் திரை கரை சேருமுன்னே இரண்டாவது புறப்பட்டுவிடுவதால், படத்தின் ஒரு பக்கம் செங்குத்தாக இருண்ட பட்டையாக விழும். 1/60-க்குக் கீழே எந்த வேகமும் வைக்கலாம். ஃபிளாஷின் ஒளி எவ்வளவு விழும் என்பதை ஷட்டர் வேகம் தீர்மானிப்பதில்லை. அபெர்ச்சரும் தூரமும் ஐஎஸ்ஓவும்தான் தீர்மானிக்கின்றன. ஷட்டர் வேகம் அறையின் சொந்த வெளிச்சத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறது. 1/15 அல்லது 1/8 வைத்தால் பின்னால் எரியும் விளக்குகளும் படத்தில் வரும். முகத்தை ஃபிளாஷ் உறைய வைக்கும். திருமண மண்டபத்தில் பின்புலம் கன்னங்கரேலென்று விழாமல் காக்கும் வழி இதுதான்.

ஃபிளாஷின் சக்தியைக் கைடு நம்பர் என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் வரும். ஐஎஸ்ஓ 100-இல் மீட்டர் கணக்கில் கைடு நம்பர் 28 என்றால், மூன்றரை மீட்டர் தூரத்துக்கு எஃப்/8. ஐஎஸ்ஓ 200-இல் அந்த எண் 40 ஆகும், 400-இல் 56. ஒவ்வொரு படத்துக்கும் வகுத்துக்கொண்டிருப்பது நிதானமான வேலைக்குச் சரி. குழந்தைகள் ஓடும் வீட்டில் முடியாது. அங்கேதான் தைரிஸ்டர் ஆட்டோ ஃபிளாஷ் கைகொடுக்கிறது. அதன் முகப்பில் ஒரு சிறு சென்சார் இருக்கும். ஆளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்திவிடும். மீந்த மின்சாரம் கெபாசிட்டரிலேயே தங்குவதால் அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும். ஃபிளாஷ் சொல்லும் அபெர்ச்சரை லென்ஸில் வைத்துவிட்டு, குறித்த தூரத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் நகர்ந்து எடுக்கலாம். கேமராவோடு இதற்கு எந்தப் பேச்சுவார்த்தையும் தேவையில்லை. கே1000-இன் மேலே ஃபிளாஷ் மாட்டும் ஷூவில் உள்ள ஒற்றைத் தொடுமுனை போதும்.

இதனால்தான், லென்ஸ் வழியாக வரும் ஃபிளாஷ் ஒளியைக் கேமராவே அளக்கும் டிடிஎல் என்ற வசதிக்காக இந்தக் கேமராவுக்குப் பணம் கொடுப்பது வீண். பென்டாக்ஸில் எல்எக்ஸ், சூப்பர் ஏ போன்ற உடல்களுக்குத்தான் அது வேலை செய்யும். ஆனால் டிடிஎல்லும் ஆட்டோவும் இரண்டும் உள்ள பென்டாக்ஸ் ஏஎஃப்280டி, கே1000-க்கு மிகப் பொருத்தமான ஃபிளாஷ்: கைடு நம்பர் 28, தலையை மேலேயும் பக்கவாட்டிலும் திருப்பலாம். இன்னொரு பெரிய பெயர் விவிடார் 283. கைடு நம்பர் சுமார் 36, நான்கு ஏஏ பேட்டரி, நிறம் குறித்த நான்கு ஆட்டோ நிலைகள், மேலே சாயும் தலை. சென்சாரைக் கழற்றி ஒயர் மூலம் கேமராவின் மேலேயே வைக்க முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு. ஃபிளாஷைக் கையில் தள்ளிப் பிடித்தாலும் கணக்கு தவறாது. பழைய 283 சிலவற்றில் ஷூ வழியாக வரும் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். கே1000-இன் தொடுமுனைகள் வெறும் உலோகம், தாங்கும். அதே ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் உள்ளே இருக்கும் மின்சுற்று கருகிவிடலாம். வீட்டில் இரண்டும் இருப்பவர்கள் ஃபிளாஷின் மேலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். யோங்னுவோ ஒய்என்560, கோடாக்ஸ் டிடி600 போன்ற புதிய மேனுவல் ஃபிளாஷ்களும் பொருந்தும், நம்பகமானவை. ஆனால் அவற்றில் ஆட்டோ சென்சார் இல்லை. ஒவ்வொரு தூரத்துக்கும் கணக்குப் போட வேண்டியதுதான்.

தலை சாயாத குட்டி ஃபிளாஷை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கலாம். நேராக முகத்தில் அடிக்கும் ஒளி கன்னத்தின் வளைவை அழித்து, சுவரில் கறுப்பு நிழலைப் பதித்து, கண்ணைச் சிவப்பாக்கும். அதோடு ஒளி தூரத்துக்கு ஏற்ப வேகமாகக் குறையும்: இரண்டு மீட்டரில் நிற்பவரைவிட நான்கு மீட்டரில் நிற்பவருக்கு நாலில் ஒரு பங்குதான். குடும்பப் படத்தில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருள்வது இதனால். தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் கூரையே பெரிய விளக்காகிவிடும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறையும். சென்சார் முன்னோக்கியே இருப்பதால் ஆட்டோ சரியாகவே அளக்கும். ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூரைக்குப் போய்விடும் என்பதால்தான் கைடு நம்பர் 28-க்குக் குறையாமல் வாங்கச் சொல்வது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமோடு எஃப்/4 அல்லது 5.6 வைத்தால் சாதாரண உயரக் கூரையுள்ள அறைக்குப் போதும். பச்சை, ரோஜா நிறச் சுவர் உள்ள வீட்டில் கலர் ஃபிலிம் என்றால் அந்த நிறம் முகத்திலும் ஏறும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தக் கவலை இல்லை.

பகலில் முகத்தின் நிழலை நிரப்ப ஃபிளாஷ் வேண்டும் என்பவருக்குக் கே1000 ஏற்றதல்ல. ஐஎஸ்ஓ 100-இல் வெயிலுக்கு 1/60 வைத்தால் எஃப்/22 வரும். கைடு நம்பர் 28 உள்ள ஃபிளாஷ் அந்த அபெர்ச்சரில் ஒன்றேகால் மீட்டரைத்தான் எட்டும். ஐஎஸ்ஓ 400 என்றால் லென்ஸை எஃப்/22 வரை மூடியும் வெளிச்சம் அதிகம். நிக்கான் எஃப்எம்2 போன்ற, 1/250 வரை ஃபிளாஷை ஏற்கும் கேமராக்கள் அந்த வேலைக்கு உரியவை. கே1000-இல் மரநிழலுக்கோ மாலை வெளிச்சத்துக்கோ காத்திருப்பது மேல்.

பழைய ஃபிளாஷ் வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு கிடந்த ஃபிளாஷின் கெபாசிட்டர் முதலில் சோம்பலாக இருக்கும். புதிய பேட்டரி போட்டு, சில நிமிடம் சார்ஜில் வைத்து, சோதனைப் பொத்தானைப் பலமுறை அழுத்தினால் தெளிந்துவிடும். பிறகும் தயார் விளக்கு எரிய அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் வேண்டாம். கேமராவோடு சேர்த்துச் சோதிக்க எளிய வழி உண்டு: ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸை எஃப்/2-க்குத் திறந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/60-இல் ஃபிளாஷோடு அழுத்த வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முழுச் செவ்வகமும் பளிச்சென்று தெரிந்தால் ஃபிளாஷும் ஷட்டரும் ஒத்துப்போகின்றன. ஓர் ஓரம் வெட்டுப்பட்டால் ஷட்டருக்குச் சர்வீஸ் தேவை. அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

புதிதாகக் கே1000 வாங்குபவர் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸும் தலை சாயும் ஓர் ஆட்டோ ஃபிளாஷும் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம். சில ரோல்கள் ஓடிய பிறகு, பின்னால் போக இடமில்லை என்ற குறை அடிக்கடி வந்தால் 28 மி.மீ., நெருங்க முடியவில்லை என்ற குறை வந்தால் 100 அல்லது 135. மீதிப் பணத்தை உடலின் சர்வீஸுக்கும் ஃபிலிமுக்கும் வையுங்கள்.